உரம், பூச்சிமருந்துக் கடைகளில் செயற்கை நுண்ணறிவு: வேளாண்மைக் கலாசாலைகள் செய்யத்தக்க உதவி

நோய் கண்ட இலையைப் பறித்துக்கொண்டு உரக்கடைக்குச் சென்று மருந்து கேட்பது குடியானவர்களின் நெடுநாளைய வழக்கம். இப்பொழுது இலைக்குப் பதிலாக அதன் படம் கைப்பேசியில் வருகிறது. அப்படத்தைச் செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் காட்டி, அது கூறும் வியாதிக்கு மருந்து கொடுப்பது கடைக்காரருக்குச் சௌகரியமே. ஆனால் கருவி தவறினால் நஷ்டமடைகிறவர் கடைக்காரரல்லர், குடியானவரே. ஆகையால் உபயோகத்திற்கு முன்பே கருவியைப் பரீட்சித்துப் பார்த்தல் அவசியம். அதற்குத் தனிக் கடை ஒன்றினிடம் வசதி இராது. அருகிலுள்ள வேளாண்மைக் கலாசாலையினிடம் உண்டு.

நெற்பயிரில் குலைநோயும் செம்புள்ளி நோயும் ஆரம்பத்தில் ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றும். முதிர்ந்த பின்னர்க் குலைநோய்ப் புள்ளி இரு முனையும் கூர்மையாய், நடுவில் சாம்பல் நிறமாய் இருக்கும். செம்புள்ளியோ எள்விதை போன்ற வடிவுடையது. தழைச்சத்து மிகுந்த பயிரில் குலைநோய் உக்கிரமடைவதால், அப்போது யூரியா இடுவதை நிறுத்த வேண்டும். செம்புள்ளி பெரும்பாலும் சத்துக் குறைந்த நிலத்தில் காண்பது. அங்கே நிலத்துக்கு ஊட்டம் தேவை. ஒன்றை மற்றொன்றாகக் கொண்டால் சிகிச்சை நேர்மாறாகிவிடும்.

கருவிகள் எவ்வாறு ஏமாற்றும் என்பதற்கு 2016-ம் வருஷத்தில் வெளியான ஓர் ஆராய்ச்சி நல்ல சான்று. 14 பயிர்கள், 26 வியாதிகள் பற்றிய 54,306 இலைப் படங்களைக் கொண்டு ஒரு கருவி பயிற்றப்பட்டது. (அந்தப் பதினான்கில் நெல் கிடையாது.) அதே தொகுப்பிலிருந்து ஒதுக்கிவைத்த படங்களில் அது நூற்றுக்கு 99-க்கு மேல் சரியாகக் கூறிற்று. வேறு சூழ்நிலையில் எடுத்த படங்களைக் காட்டியபோதோ நூற்றுக்கு 31 சொச்சமே சரியாயிற்று. தொகுப்பிலிருந்தவை, பறித்த தனி இலையை ஒரே நிறப் பின்னணியில் வைத்து எடுத்தவை. வயலில் இலை காற்றில் ஆடும், சேறு படிந்திருக்கும், ஒன்றின்மேல் ஒன்று நிழலிடும். விளம்பரத்தில் காணும் 99 எந்தப் படங்களில் கிடைத்தது என்று கேட்காமல் கருவியை வாங்குதல் தகாது.

கலாசாலை செய்ய வேண்டிய பரீட்சை கடினமானதன்று. மாணாக்கர்கள் சுற்றுக் கிராமங்களின் வயல்களில், சாதாரணக் கைப்பேசிகளைக் கொண்டு, காலையிலும் மாலையிலும் வெயிலிலும் மூட்டத்திலும் படங்கள் எடுக்க வேண்டும். ஒவ்வொரு படத்துக்குமுரிய இலையைப் பயிர்நோய் ஆசிரியர் ஆராய்ந்து, சந்தேகமானவற்றை ஆய்வுசாலையில் வளர்த்துப் பார்த்து, வியாதியை நிச்சயிக்க வேண்டும். பிறகே கருவியைக் கேட்டு, விடைகளை ஒப்பிடலாம்.

ஒப்பிடும்போது மொத்த மதிப்பெண்ணை நம்பலாகாது. நூறு இலைகளில் பத்து மட்டுமே நோயுற்றவை என்று கொள்வோம். ‘எல்லாம் ஆரோக்கியம்’ என்று கூறும் கருவிகூட நூற்றுக்குத் தொண்ணூறு பெற்றுவிடும். ஆனால் நோயுற்ற பத்தில் ஒன்றையும் அது காணவில்லை. ஆகவே ஒவ்வொரு வியாதிக்கும் தனித்தனியே கணக்கிட வேண்டும். ஆரோக்கியமான இலையை நோயுற்றதென்று எத்தனை முறை கூறிற்று என்பதையும் குறித்தல் வேண்டும். மருந்து விற்பவர் கையிலுள்ள கருவியில் இப்பிழைதான் அதிகக் கவனத்துக்குரியது. பூச்சிமருந்துக் கம்பெனியே கருவியை அளிக்குமிடத்து, பரீட்சைச் செலவை அக்கம்பெனியிடம் பெறாதிருத்தல் நலம்.

இரண்டாவது உதவி கடைக்காரர்களுக்குப் போதனை. இதற்குப் புதிய பள்ளி வேண்டியதில்லை. ஐதராபாத்திலுள்ள ‘மேனேஜ்’ நிறுவனம் 2003-ம் வருஷத்தில் தொடங்கிய இடுபொருள் விற்பனையாளர் பட்டய வகுப்பு ஓராண்டுக் காலம், வாரம் ஒருநாள் முறையில் நடைபெறுவது. அதில் கருவியைப் பற்றி ஓரிரு பாடங்களைச் சேர்க்கலாம். கருவி சொல்வதைக் கண்ணாலும் கையாலும் சரிபார்க்கும் முறைகளே முக்கியம். உதாரணமாக, பாக்டீரியா இலைக்கருகல் என்று கருவி கூறினால், இலையை வெட்டித் தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் நிறுத்திப் பார்க்கலாம். அவ்வியாதியாயின் வெட்டுவாயிலிருந்து பால்போன்ற கசிவு இறங்கும். மருந்தின் அளவை மட்டும் கருவியிடம் கேட்கவே கூடாது. லிட்டருக்கு 2 மில்லி என்பதை 20 என்று அது தயக்கமின்றிக் கூறிவிடக்கூடும். புட்டியின் சீட்டிலுள்ளதே அளவு.

குடியானவரின் பெயரும் வயல் விவரமும் படத்தோடு கம்பெனிக்குப் போகுமாயின், முன்னரே அவருக்கு அறிவித்துச் சம்மதம் பெறுவது முறை. 2023-ம் வருஷத்துத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இவ்வறிவிப்பைத் தமிழிலும் கேட்டுப் பெறலாம்.

கருவியை அதன் உரிமையாளர் அடிக்கடி மாற்றுவதால், ஒருமுறை செய்த பரீட்சை நெடுங்காலம் செல்லாது. சேர்த்த படங்களையும் விடைகளையும் கலாசாலை வெளியிடாமல் வைத்திருந்தால், மாற்றம் வருந்தோறும் அவற்றைக்கொண்டே மறுபடியும் பார்த்துவிடலாம். குறுவையில் ஒருமுறை, சம்பாவில் ஒருமுறை, புதிய இலைகளும் சிறிது சேர்த்துவரல் வேண்டும்.