ஆர்எக்ஸ்-8 காரில் 'மிஸ்ஸிங்' அடித்தால்…

மாஸ்டா ஆர்எக்ஸ்-8 ஓட்டுகிறீர்களா? செக் என்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால், அவசரப்படாமல் மெதுவாக ஓட்டி மெக்கானிக்கிடம் போகலாம். விட்டுவிட்டுச் சிமிட்டினால் உடனே ஓரங்கட்டி நிறுத்துங்கள். எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போய் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைப் பாழாக்கும். அதன் விலையோடு ஒப்பிட்டால் கட்டி இழுக்கிற கூலி சில்லறைக் காசு.

ஸ்கேனரில் பி0301 வந்தால் முன் ரோட்டர், பி0302 என்றால் பின் ரோட்டர். முதல் சந்தேகம் இக்னிஷன் காயில்மேல் விழட்டும். இந்தக் காரின் பலவீனமே அதுதான். இரண்டு ரோட்டர், ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக், ஆக நான்கு காயில். சந்தேகப்படும் காயிலை அடுத்த ரோட்டரின் அதே வரிசைக் காயிலோடு இடம் மாற்றுங்கள். கோளாறும் கூடவே இடம் மாறினால் திருடன் பிடிபட்டான்! பிளக்கை மட்டும் மேலும் கீழும் மாற்றிவிடாதீர்கள்: கீழே இருப்பது லீடிங், மேலே டிரெயிலிங்; இரண்டும் வேறு வகை.

காயில், பிளக், வயர் எல்லாம் சரி, ஆனால் சூடான என்ஜின் ஸ்டார்ட் ஆக முரண்டு பிடிக்கிறதா? கம்ப்ரஷன் குறைந்திருக்கலாம். பிஸ்டன் என்ஜினுக்கான சாதாரண மீட்டர் ரோட்டரின் மூன்று முகங்களையும் தனித்தனியே காட்டாது. ரோட்டரி மீட்டர் வைத்திருப்பவரிடமே போங்கள்.

குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்து, வாசலிலிருந்து ஷெட்டுக்கு நகர்த்தி உடனே அணைக்காதீர்கள். பிளக் பெட்ரோலில் நனைந்துவிடும். நனைந்துவிட்டால், ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி சில விநாடி ஸ்டார்ட்டரைச் சுற்றவிடுங்கள்.