தண்டவாளத்தைப் பிடுங்கித் தண்டவாளம் போட்டவர்கள்

பத்தாம் வகுப்பில் முதல் உலகப் போர் பாடம் நடந்துகொண்டிருந்தது. ஜெர்மனிக்குச் செல்லும் கப்பல்களைப் பிரிட்டிஷ் கடற்படை மறித்ததைச் சொல்லி, கரும்பலகையில் ‘முற்றுகை’ என்று எழுதினேன். முதல் வரிசையிலிருந்து ஒரு மாணவன் கேட்டான்: “முற்றுகைன்னா சோறு வராது. அவ்வளவுதானே டீச்சர்?”

பாடநூலை மட்டும் வைத்துப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் சோறு விளையும் ஊரிலேயே சோறு கிடந்து, தேவைப்படும் ஊருக்கு வந்து சேராமல் போவதும் முற்றுகையின் விளைவுதான். அதை விளக்க நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம் அமெரிக்க உள்நாட்டுப் போர் (1861-1865). நான்கு ஆண்டுகளாக இதை ஒரு துணைப்பாடமாக நடத்தி வருகிறேன். சமூக அறிவியல், கணக்கு இரண்டையும் இணைக்க உதவுகிறது. சென்ற ஆண்டு ஒரு மாணவி கேட்ட கேள்வியால் இந்தப் பாடத்தை நடத்தும் முறையையே மாற்றிக்கொண்டேன். அதையும் சேர்த்துச் சொல்லவே இக்கட்டுரை.

பின்னணி

அடிமை முறையைக் காப்பாற்றிக்கொள்ள அமெரிக்காவின் தென் மாநிலங்கள் கூட்டாட்சியை விட்டுப் பிரிந்தன. 1861 ஏப்ரலில் போர் தொடங்கியது. அதே மாதம் 19ஆம் தேதி, தென்பகுதித் துறைமுகங்களை முற்றுகையிடுவதாகக் குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன் அறிவித்தார். சுமார் 3,500 மைல் நீளக் கடற்கரையை வடக்கின் கப்பல்கள் சிறிது சிறிதாக அடைத்தன.

அப்போது அமெரிக்காவில் இருந்த ஏறக்குறைய 30,000 மைல் ரயில் பாதையில் தெற்கின் பங்கு சுமார் 9,000 மைல். பாதை இருந்தது, அதைப் பராமரிக்கும் ஆலைகள் இல்லை. நாட்டின் இரும்பு உற்பத்தியில் பெரும்பகுதி வடக்கில். தெற்கு தண்டவாளங்களை வடக்கிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும்தான் வாங்கி வந்தது. போர் தொடங்கியதும் முதல் வழி அடைபட்டது. முற்றுகை இறுக இறுக இரண்டாவது வழியும் அடைபட்டது.

தெற்கின் மிகப் பெரிய இரும்பு ஆலை ரிச்மண்ட் நகரின் டிரெடகர் ஆலை. அது பீரங்கிகளையும் போர்க்கப்பல்களுக்கான கவசத் தகடுகளையும் செய்வதில் மூழ்கிவிட்டது. ஒரே இரும்பைப் பீரங்கி, கப்பல், ரயில் மூன்றும் கேட்டன. ரயில் தோற்றது. 1862இல் மிசிசிப்பி ஆற்றில் போரிட்ட ‘ஆர்கன்சா’ என்ற கப்பலுக்குத் தண்டவாளங்களையே கவசமாகப் பொருத்தினார்கள்!

இந்த இடத்தில் மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்பேன்: “நீங்கள் ரயில்வே அதிகாரி. புதுத் தண்டவாளம் கிடைக்காது. இருப்பது தேய்ந்துகொண்டே வருகிறது. என்ன செய்வீர்கள்?” விடைகளைக் கரும்பலகையில் எழுதிய பிறகே அவர்கள் உண்மையில் செய்தவற்றைச் சொல்வேன். பெரும்பாலான விடைகள் பொருந்திப்போகும். தாங்களே கண்டுபிடித்ததை மாணவர்கள் மறப்பதில்லை.

அவர்கள் செய்தவை

1. வேகத்தைக் குறைத்தார்கள். தேய்ந்த பாதையில் மெதுவாகப் போனால் இன்னும் சில காலம் தாங்கும். மணிக்குப் பத்து, பன்னிரண்டு மைல் என ரயில்கள் ஊர்ந்தன. ஆனால் வேகம் பாதியானால் அதே என்ஜின், அதே பெட்டி சுமக்கும் சரக்கும் ஏறக்குறையப் பாதியாகும். பாதையைக் காப்பாற்றியதற்குக் கொடுத்த விலை இது.

2. மாற்றுப் பொருள்களைத் தேடினார்கள். இயந்திரங்களுக்குப் போட்டுவந்த திமிங்கில எண்ணெய் கிடைக்காதபோது பன்றிக் கொழுப்பையும் நிலக்கடலை எண்ணெயையும் பயன்படுத்தினார்கள். கடலை எண்ணெயில் ஓடிய என்ஜின் என்றதும் வகுப்பே நிமிர்ந்து உட்காரும்.

3. எதிரியிடமிருந்து எடுத்தார்கள். 1861இல் வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் வடக்கின் ஆதரவு ரயில் நிறுவனத்தின் என்ஜின்கள் தெற்கின் படையிடம் சிக்கின. அங்கிருந்து அவற்றைத் தெற்குக்குக் கொண்டுபோகத் தொடர்ச்சியான பாதை இல்லை. பாகங்களைக் கழற்றி, குதிரைகளைப் பூட்டி, சாலை வழியாகவே இழுத்துப்போனார்கள்.

4. முற்றுகையை ஏமாற்றினார்கள். பெர்முடாவிலிருந்தும் நசாவிலிருந்தும் வேகமான நீராவிக் கப்பல்கள் இருட்டில் வில்மிங்டன், சார்ல்ஸ்டன் துறைமுகங்களுக்குள் நுழைந்தன. துப்பாக்கி, மருந்து, துணி வந்தன. ஆடம்பரப் பொருள்களும் வந்தன. அவற்றைத் தடைசெய்ய 1864 பிப்ரவரியில் சட்டமே போட வேண்டியிருந்தது. ஆனால் தண்டவாளம் வரவில்லை. ஏன் என்பதற்குக் கணக்கு விடை சொல்லும்.

5. கிளைப் பாதைகளைப் பிடுங்கினார்கள். இதுதான் பாடத்தின் மையம். எந்தப் பாதையைக் கழற்றலாம் என்று தீர்மானிக்க 1863இல் இரும்புக்கென ஒரு குழுவே அமைக்கப்பட்டது. முக்கியமற்றவை எனக் கருதிய பாதைகளின் தண்டவாளங்கள் பிரதானப் பாதைகளுக்குப் போயின.

ஒரு பாதையின் கணக்கு

வர்ஜீனியாவின் டான்வில் முதல் வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ வரை சுமார் 48 மைல் (77 கி.மீ.) இடைவெளியில் ரயில் இல்லை. அதை நிரப்பினால் தலைநகர் ரிச்மண்டுக்கு உள்நாட்டு வழியாக இன்னொரு பாதை கிடைக்கும். பீட்மாண்ட் ரயில் பாதை எனப்படும் அந்த இணைப்பு 1864 மே மாதத்தில்தான் முடிந்தது. போட்ட இரும்பு பிற பாதைகளில் பிடுங்கியது.

வகுப்பில் செய்யும் கணக்கு இது. அக்காலத் தண்டவாளம் ஒரு மீட்டர் சுமார் 25 கிலோ எனக் கொள்வோம். பாதைக்கு இரு தண்டவாளம். 1 கி.மீ. பாதைக்கு 2 × 1,000 × 25 = 50,000 கிலோ, அதாவது 50 டன். 77 கி.மீ.க்கு 3,850 டன். ஒரு கப்பல் 400 டன் ஏற்றும் என வைத்துக்கொண்டால் கிட்டத்தட்ட 10 முறை உயிரைப் பணயம் வைத்து வர வேண்டும். அதே கப்பலில் மருந்தும் துணியும் ஏற்றினால் பல மடங்கு லாபம். தண்டவாளம் ஏற்றக் கப்பல்காரர்கள் முன்வராததன் காரணத்தை மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.

இத்தனை பாடுபட்டுப் போட்ட பாதையின் அகலம் 5 அடி. கிரீன்ஸ்பரோவில் அதைச் சந்தித்த வட கரோலினா பாதையின் அகலமோ 4 அடி 8½ அங்குலம். ஆகவே அங்கே ஒவ்வொரு மூட்டையையும் இறக்கி மாற்றி ஏற்ற வேண்டும். மீட்டர் கேஜ், பிராட் கேஜ் என்று கேட்டு வளர்ந்த நம் ஊரில் இதை விளக்குவது எளிது.

எல்லோரும் பாதையைக் கொடுத்துவிடவில்லை. ஃபுளோரிடாவில் டேவிட் யூலி என்ற ரயில் நிறுவனத் தலைவர் தம் தண்டவாளங்களை எடுக்கக் கூடாது என்று நீதிமன்றத் தடை வாங்கினார். அதை மீறி ராணுவம் எடுத்தது. அந்த இரும்பைக் கொண்டு ஜார்ஜியாவுடன் இணைக்கத் திட்டமிட்ட பாதை போர் முடியும் தறுவாயில்தான் முடிந்தது. ‘பொதுத் தேவைக்காகத் தனியார் சொத்தை எடுக்கலாமா?’ என்ற விவாதத்திற்கு ஏற்ற நிகழ்வு.

குழுச் செயல்பாடு: இருபது குச்சிகள்

ஒவ்வொரு குழுவுக்கும் 20 ஐஸ் குச்சிகள். பத்துக் குச்சிகளால் ஒரு பிரதானப் பாதை. இரண்டிரண்டு குச்சிகளால் ஐந்து கிளைப் பாதைகள். ஒவ்வொரு கிளையின் முனையிலும் ஓர் ஊர்; அங்கே ‘100 மூட்டை சோளம்’ என்ற அட்டை. ஒவ்வொரு சுற்றிலும் பிரதானப் பாதையில் இரண்டு குச்சிகள் ‘தேய்ந்துவிடும்’. ஏதேனும் ஒரு கிளையைக் கழற்றித்தான் அதை நிரப்ப வேண்டும். எந்தக் கிளை, ஏன் என்று குழு காரணம் சொல்ல வேண்டும்.

ஐந்து சுற்று முடிந்ததும் பிரதானப் பாதை பத்துக் குச்சிகளோடு முழுதாக இருக்கும். ஆனால் ஐந்து ஊர்ச் சோளமும் இருந்த இடத்திலேயே இருக்கும். “ரயில் ஓடுது டீச்சர், ஏத்தத்தான் ஒண்ணும் இல்ல” என்று ஒருவன் சொன்னான். தெற்கின் ரயில் வரலாற்றை அதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியாது. உள்நாட்டில் தானியம் இருந்த காலத்திலேயே, 1863 ஏப்ரல் 2 அன்று ரிச்மண்ட் தெருக்களில் பெண்கள் ரொட்டி கேட்டுக் கலவரம் செய்தார்கள். விலைவாசியும் பதுக்கலும் காரணங்கள். தடுமாறிய போக்குவரத்தும் ஒரு காரணம்.

உள்ளூர்த் தொடர்பும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது மதுரை–போடி பாதையும் கேரளத்தின் ஷொரணூர்–நிலம்பூர் பாதையும் இரும்புத் தேவைக்காகப் பெயர்க்கப்பட்டு, 1950களில்தான் மீண்டும் போடப்பட்டன. கிளைப் பாதையின் முனையில் இருக்கும் ஊர் என்றால் என்ன என்பதை எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு வரைபடம் இல்லாமலே சொல்லலாம்.

என்னைத் திருத்திய கேள்வி

முதல் மூன்று ஆண்டுகளும் இந்தப் பாடத்தைப் ‘பற்றாக்குறையிலும் சமாளித்த புத்திசாலித்தனம்’ என்ற தொனியில்தான் நடத்தினேன். கடலை எண்ணெயும் குதிரை இழுத்த என்ஜினும் பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தன, எனக்கும் பிடித்திருந்தன. சென்ற ஆண்டு, அதிகம் பேசாத ஒரு மாணவி கணக்கை முடித்துவிட்டுக் கேட்டாள்: “3,850 டன். அதைத் தூக்கினது யாரு டீச்சர்?”

விடை எனக்குத் தெரியும். ஆனால் அதுவரை சொல்லியிருக்கவில்லை. தென்பகுதியின் ரயில் பாதைகளைப் பெருமளவில் போட்டவர்களும் பராமரித்தவர்களும் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்கள். உரிமையாளர்கள் அவர்களை ரயில் நிறுவனங்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். கூலி உரிமையாளருக்குப் போனது. டிரெடகர் ஆலையிலும் அவர்களின் உழைப்பு இருந்தது. தங்களை அடிமைகளாகவே வைத்திருக்க நடந்த போருக்கு அவர்களையே இரும்பு சுமக்க வைத்தார்கள். வாய்ப்புக் கிடைத்தபோது ஆயிரக்கணக்கானோர் தப்பி வடக்கின் படை இருந்த பக்கம் போனார்கள். அவர்களில் பலர் வடக்கின் ராணுவ ரயில் பணியில் சேர்ந்து பாலங்களையும் பாதைகளையும் கட்டினார்கள். தெற்கு இழந்த கைகள் வடக்குக்குக் கிடைத்தன. இதைச் சொல்லாமல் விட்டால் தெற்கு ஏன் தோற்றது என்ற விடையும் பாதிதான்.

இப்போது பாடத்தை அந்த மாணவியின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். கரும்பலகையில் மூன்று வினாக்கள்: இரும்பு எங்கிருந்து வந்தது? எந்த ஊர் அதை இழந்தது? யார் தூக்கினார்கள்? எந்தப் போரைப் பற்றிய பாடத்துக்கும் இவை பொருந்துகின்றன.

பாடத்தின் முடிவு இப்படி: 1865 ஏப்ரல் 2 அன்று ரிச்மண்ட் கைவிடப்பட்டது. தெற்கின் தலைவர் ஜெபர்சன் டேவிஸ் ரயிலேறி டான்வில்லுக்கும், சில நாள் கழித்து அங்கிருந்து பீட்மாண்ட் பாதை வழியாகக் கிரீன்ஸ்பரோவுக்கும் தப்பிச் சென்றார். படைக்குச் சோறு கொண்டுவரப் போட்ட பாதை, தலைவர் ஓடுவதற்கும் பயன்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில், 13ஆவது சட்டத் திருத்தத்தின் மூலம் அமெரிக்காவில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது.

மதிப்பீட்டுக்கு ஒரே ஒரு வினா தருகிறேன்: ‘கிளைப் பாதை முனையில் இருக்கும் ஊரின் மாணவராக உன்னை நினைத்துக்கொண்டு, இரும்புக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுது.’ விடைத்தாள்களைத் திருத்தும்போது முற்றுகை புரிந்ததா என்பது முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும். நீங்களும் உங்கள் வகுப்பில் முயன்று பாருங்கள். ஐஸ் குச்சி கிடைக்காவிட்டால் தீக்குச்சி போதும்.