ஆளுக்கு எத்தனை கனெக்‌ஷன்?

மேனேஜ்மென்ட் பேப்பர் எழுதின எல்லாருக்கும் இந்த ரெண்டு மார்க் பதில் தெரியும்: வெளியீட்டை உள்ளீட்டால் வகுத்தா உற்பத்தித்திறன். சோப்பு கம்பெனிக்கு இது ஈஸி. எத்தனை சோப்பு, எத்தனை ஆள், வகுத்தா முடிஞ்சது. டெலிகாம் கம்பெனிக்கு வெளியீடு எது? சந்தாதாரர் எண்ணிக்கையா, பேசின நிமிஷமா, ஓடின டேட்டாவா?

ரொம்ப நாளா புழக்கத்தில் இருக்கிற கணக்கு, ஒரு ஊழியருக்கு எத்தனை இணைப்பு என்பது. லேண்ட்லைன் காலத்தில் இது ஓரளவு நியாயம்தான். கேபிள் போடுறவர், ஜாயின்ட் பார்க்கிறவர், பில் கொடுக்கிறவர் எல்லாருமே பெரும்பாலும் கம்பெனியோட சொந்த ஆட்கள். இப்போ அப்படி இல்ல.

2004-ல் ஏர்டெல் தன் நெட்வொர்க் வேலையை எரிக்சன் போன்ற கம்பெனிகளிடமும், ஐ.டி. வேலையை ஐபிஎம்மிடமும் ஒப்படைத்தது. டவரில் ஏறுற வேலை அப்படியேதான் இருக்கு. ஏறுறவர் பெயர்தான் வேற கம்பெனி ரிஜிஸ்டருக்குப் போயிடுச்சு. இந்த நம்பரை எடுத்து பிஎஸ்என்எல் நம்பர் பக்கத்தில் வச்சு, "பாருங்க, யார் திறமைசாலி" என்று கேட்டா எப்படி? வீட்ல சமைக்க ரெண்டு மணி நேரம், ஹோட்டல் பார்சல் பிரிக்க ரெண்டு நிமிஷம் என்று ஒப்பிடுற கதைதான்.

பிஎஸ்என்எல் கதையையே எடுத்துக்குவோம். 2019-ல் வந்த விருப்ப ஓய்வுத் திட்டத்தில் சுமார் 78,500 பேர் சேர்ந்து, 2020 ஜனவரி 31-ல் வெளியே போனாங்க. கிட்டத்தட்ட பாதிப் பேர். அதாவது ஆளுக்கு இத்தனை இணைப்பு என்கிற நம்பர் ஒரே ராத்திரியில் ஏறக்குறைய டபுள்! மறுநாள் காலையில் கேபிளும் அதேதான், பழுதும் அதேதான். சம்பளச் செலவு உண்மையாவே குறைஞ்சது, வருமானத்தில் பெரும்பங்கை அதுதான் தின்னுக்கிட்டிருந்தது என்பதால் அதை லேசா சொல்லிட முடியாது. ஆனா செலவு குறைஞ்சது வேற, வேலை நல்லா நடக்கிறது வேற.

அப்போ எதை அளக்கலாம்? என் கருத்து: உள்ளீட்டில் கான்ட்ராக்ட் ஆட்களோட மணி நேரத்தையும் சேர்க்கணும். வெளியீட்டில், திரும்பி வராத வேலையை மட்டும் எண்ணணும்.

ஒரு சின்னக் கணக்கு (நம்பர் நானா வச்சது). பழுது பார்க்கிற டீம் ஒண்ணு ஒரு நாளில் 12 புகார் முடிக்குது; அதில் 5 ஒரே வாரத்தில் திரும்ப வருது. இன்னொரு டீம் 9 முடிக்குது, 1 தான் திரும்புது. ரிப்போர்ட்டில் முதல் டீமுக்குத்தான் கைத்தட்டல். நிஜமா சரியானது 7-ம் 8-ம். அதோட அந்த 5 வீட்டுக்கும் மறுபடி வண்டி போகணும், பெட்ரோல், நேரம், கஸ்டமரோட திட்டு எல்லாம் எக்ஸ்ட்ரா.

முன்னேற்றம் எங்கே கிடைக்கும் என்பதும் இதில்தான் தெரியும். டெக்னீஷியனை வேகமா ஓட்டச் சொல்றதில் இல்ல. ஃபைபர் இணைப்பு என்றால், வீட்டில் இருக்கிற ஓஎன்டி பெட்டிக்கு எவ்வளவு ஒளி வருது என்று எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்தே பார்க்கலாம். பி-பிளஸ் வகை ஜிபான் என்றால் -27 டிபிஎம் வரைதான் தாங்கும். ஒரு வீட்டில் மட்டும் அதுக்குக் கீழே இறங்கினா அந்த வீட்டு வயர், கனெக்டர் மேல சந்தேகம். ஒரே ஸ்ப்ளிட்டரில் இருக்கிற எல்லா வீட்டுக்கும் இறங்கினா கோளாறு தெருவில். அதைத் தெரிஞ்சுக்கிட்டு கிளம்பினா, ஓடிடிஆரும் ஸ்ப்ளைசிங் மெஷினும் முதல் தடவையே வண்டியில் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை மட்டும். திரும்பி வர்ற புகாரை டாக்கெட் நம்பர் வச்சு எண்ணாதீங்க. பழசை மூடிட்டு புது நம்பர் போட்டா, கணக்குப்படி எந்தப் பழுதுமே திரும்பி வந்திருக்காது. கனெக்‌ஷன் நம்பரை வச்சு எண்ணுங்க.