ஆண்டைத் திரும்பிப் பார்த்தல்: டார்வின் வைத்திருந்த ஏடுகள்



படித்த புத்தகங்கள், எடுத்த உறுதிகள், குடும்பத்தோடு போய்வந்த ஊர்கள் ஆகியவற்றை ஆண்டுவாரியாக எழுதிவைக்கும் பழக்கத்துக்கு மிக நல்ல முன்மாதிரி சார்லஸ் டார்வினுடையது. 1838 ஆகஸ்டில், தம் 29-ஆம் வயதில், அவர் ஒரு சிறு குறிப்பேட்டைத் தொடங்கினார். பிறந்ததிலிருந்து அதுவரை நடந்தவற்றை நினைவிலிருந்து சுருக்கமாக எழுதி முடித்தார். பிறகு ஆண்டுதோறும் சேர்த்துக்கொண்டே போனார். அதன் கடைசிக் குறிப்புகள் 1881-ஐச் சேர்ந்தவை. அடுத்த ஏப்ரலில் அவர் காலமானார்.

எந்த வேலை எந்தத் தேதியில் தொடங்கியது, எப்போது முடிந்தது, நோயால் எவ்வளவு காலம் போனது, குடும்பம் எங்கே போய் எப்போது திரும்பியது, எந்தக் குழந்தை எப்போது பிறந்தது என்பவையே அந்த ஏட்டின் சரக்கு. மனநிலையை விவரிக்கும் வரிகளை அதில் தேடிப் பயனில்லை. ஓர் ஆண்டு பெரும்பாலும் சில வரிகளில் அடங்கிவிடும். உலகம் போற்றும் நூல் வெளிவந்ததும் வீட்டில் ஒரு குழந்தை பிறந்ததும் அங்கே ஒரே அளவு எழுத்தில் நிற்கின்றன.

ஆண்டு இறுதியில் இளையவர்கள் தங்களுக்குத் தாங்களே மதிப்பெண் போட்டுக்கொள்வது இப்போது பரவலாகியிருக்கிறது. இத்தனை புத்தகம் என்று ஜனவரியில் உறுதி எடுத்தாயிற்று, டிசம்பரில் பாதிதான் தேறியது, ஆகவே ஆண்டு வீண் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். டார்வினின் ஏடுகளைப் புரட்டினால் இந்தக் கணக்கு எங்கே தவறுகிறது என்பது தெரியும். ஒரு புத்தகமோ ஒரு விடுமுறையோ எதற்குப் பயன்பட்டது என்பது அந்த ஆண்டுக்குள் தெரிவது அரிது. உள்ளதை உள்ளபடி எழுதிவைப்பது முதல் வேலை. எடை போடுவதற்கு அவசரமில்லை.

புத்தகங்களுக்கு அவர் தனி ஏடுகள் வைத்திருந்தார். 1838 முதல் 1860 வரை அவை இரண்டு. படிக்க வேண்டியவை ஒரு பகுதியில், படித்து முடித்தவை இன்னொரு பகுதியில். முடித்தவற்றில் அறிவியல் நூல்களும் மற்றவையும் தனித்தனியே இருந்தன. பல தலைப்புகளுக்குப் பக்கத்தில் ஓரிரு சொற்களில் அவருடைய தீர்ப்பு இருக்கிறது: நன்று, சுமார், மேலோட்டமாகப் பார்த்தது. மேலோட்டமாகப் பார்த்த புத்தகத்தை அப்படியே ஒப்புக்கொண்டு எழுதியதுதான் இதில் பின்பற்ற வேண்டியது. முழுக்கப் படித்ததையும் புரட்டியதையும் ஒரே எண்ணிக்கையில் சேர்ப்பவர், சில ஆண்டுகள் கழித்து எதைத் தாம் படித்தோம் என்பதே தெரியாமல் நிற்பார்.

பட்டியல் போட்டதோடு அவர் நிற்கவில்லை. சொந்தப் புத்தகமானால் தமக்கு வேண்டிய செய்திகள் எந்தெந்தப் பக்கத்தில் உள்ளன என்று கடைசித் தாளில் சிறு அட்டவணை எழுதுவார். இரவல் புத்தகமானால் தனித்தாளில் சுருக்கம் எடுப்பார். முப்பது, நாற்பது பெரிய உறைகள் பொருள்வாரியாக அலமாரியில் இருந்தன. குறிப்புத் தாள்கள் அந்தந்த உறைக்குப் போய்ச் சேரும். புதிதாக ஒன்றை எழுதத் தொடங்குமுன் அந்த அட்டவணைகளையும் உரிய உறைகளையும் எடுத்து வைத்துக்கொண்டால், அந்தப் பொருள் பற்றி வாழ்நாளெல்லாம் திரட்டியது மேசைக்கு வந்துவிடும். புத்தகங்களை அவர் கருவியாகவே நடத்தினார். கனமான நூலைக் கையில் பிடிக்க எளிதாக இருக்க வேண்டுமென்று இரண்டாக வெட்டியதும் உண்டு என்று அவர் மகன் பிரான்சிஸ் எழுதியிருக்கிறார். வெட்டுவது எல்லோருக்கும் ஏற்காது. கடைசித் தாளில் எழுதும் அட்டவணையோ ஒரு பென்சிலைத் தவிர வேறு எதையும் கேட்காது. மாணவர் ஒருவர் இந்த ஒரு பழக்கத்தை மட்டும் கைக்கொண்டாலே அவருடைய ஆண்டுக் கணக்கு பாதி எழுதப்பட்டதாகிவிடும்.

படிக்காத புத்தகங்களுக்கு அவர் வீட்டில் ஒரு தட்டு, படித்து முடித்து இன்னும் பதிவு செய்யாதவற்றுக்கு மற்றொரு தட்டு. முதல் தட்டைப் பார்த்து அவர் பெருமூச்சு விடுவதுண்டு. அதில் பலவற்றை ஒருபோதும் படிக்கப் போவதில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எவ்வளவு படித்தவருக்கும் அந்தத் தட்டு காலியாவதில்லை என்பதை இளவயதிலேயே அறிந்துகொள்வது நல்லது.

எந்தப் புத்தகம் எப்படிப் பயன் தரும் என்பதற்கு 1838-இல் நடந்ததே சான்று. அந்தச் செப்டம்பர் இறுதியில் அவர் மால்தஸ் எழுதிய மக்கள்தொகை பற்றிய நூலைப் பொழுதுபோக்காக எடுத்துப் படித்தார். உயிர்கள் பிழைப்புக்காகப் போராடும் சூழலில் சாதகமான மாறுதல்கள் நிலைக்கும், பாதகமானவை அழியும் என்ற எண்ணம் அந்த வாசிப்பில்தான் தெளிந்தது. அத்தனை பெரிய எண்ணத்தையும் அவர் உடனே நூலாக்கவில்லை. 1842 ஜூனில்தான் 35 பக்கத்தில் பென்சிலால் ஒரு சுருக்கம் எழுதினார். 1844-இல் அது 230 பக்கமாக விரிந்தது. 'உயிரினங்களின் தோற்றம்' வெளிவந்தது 1859 நவம்பர் 24 அன்று. 1838-இன் வாசிப்புக் கணக்கில் மால்தஸ் மற்றப் புத்தகங்களுக்கு நடுவே ஒரு வரி, அவ்வளவே.

உறுதிகள் விஷயத்தில் அவருடைய அனுபவம் கலப்பானது. அதே 1838 கோடையில் அவர் ஒரு தாளை எடுத்துத் திருமணம் செய்துகொள்வது, செய்யாதிருப்பது என்று இரு பத்திகளாகப் பிரித்துக் காரணங்களை எழுதினார். திருமணத்துக்கு எதிரான பக்கத்தில் நேரம் போய்விடும், மாலையில் படிக்க முடியாது, புத்தகம் வாங்கப் பணம் குறையும் என்பவையெல்லாம் இருந்தன. முடிவு திருமணம் என்றே அமைந்தது. 1839 ஜனவரி 29-இல் எம்மா வெட்ஜ்வுட்டை மணந்தார். மாலை வாசிப்பு போய்விடும் என்று அஞ்சியவருக்குப் பின்னாளில் எம்மாவே நாவல்களை உரக்கப் படித்துக் காட்டினார். சோபாவில் சாய்ந்தபடி அதைக் கேட்பது அவருடைய அன்றாட ஓய்வாயிற்று. உறுதி எடுக்கும்போது அதற்கு விலையாக எதைக் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதையும் பக்கத்திலேயே எழுதுவது இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய முறை. அஞ்சியது நடந்ததா என்று பிறகு ஒப்பிட்டுப் பார்க்க அந்தத் தாள் உதவும்.

திட்டம் கைமீறிப் போன கதையும் உண்டு. 1846 அக்டோபரில், பாறைகளிலும் கப்பலடியிலும் ஒட்டிவாழும் கொட்டலசு இனத்தில், தென்னமெரிக்கக் கடற்கரையில் தாம் கண்டெடுத்த விசித்திரமான ஒன்றை விவரிக்க உட்கார்ந்தார். அதை விளங்கிக்கொள்ள மற்றவற்றையும் அறுத்துப் பார்க்க வேண்டியதாயிற்று. வேலை முடிய எட்டு ஆண்டுகள் ஆயின. அதில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளை நோய் தின்றது என்று அவரே கணக்குச் சொல்கிறார். இவ்வளவு காலத்துக்கு அந்த வேலை தகுமா என்ற ஐயம் முதுமையிலும் அவருக்குத் தீரவில்லை. ஆனால் 1853-இல் ராயல் சொசைட்டியின் பதக்கம் அவருக்குக் கிடைத்ததில் அந்த ஆய்வுக்கும் பங்குண்டு. இனங்களை வகைப்படுத்துவது எவ்வளவு கடினம் என்பதையும் அவர் அங்கேதான் கைப்படக் கற்றார். குறித்த காலத்தில் முடியாததை முறிந்த உறுதியாக எழுதுவது சரியல்ல. எதனால் நீண்டது, நோயாலா, வேலையின் ஆழத்தாலா, சோம்பலாலா என்று பிரித்து எழுதினால்தான் அடுத்த ஆண்டுக்கு அது உதவும்.

அவரே நிறைவேற்றத் தவறி வருந்திய ஒன்று இருக்கிறது. முப்பது வயது வரை, அதற்குச் சற்றுப் பின்பும், மில்டனும் வேர்ட்ஸ்வொர்த்தும் ஷெல்லியும் அவருக்குப் பேரின்பம் தந்தார்கள். இளவயதில் மேற்கொண்ட பீகிள் கப்பல் பயணத்தில் கரைக்குப் போகும்போது ஒரே ஒரு புத்தகம் கொண்டுபோக முடியுமென்றால் மில்டனையே எடுத்தார். பல்லாண்டு ஆய்வுக்குப் பின் கவிதையில் ஒரு வரியைக்கூட அவரால் பொறுக்க முடியவில்லை. ஷேக்ஸ்பியர் குமட்டியது. 1876-இல், 67 வயதில், பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என்று எழுதிய தன்வரலாற்றில் அவர் இதை மிகுந்த துயரத்தோடு சொல்கிறார். மறுபடி வாழ நேர்ந்தால் வாரம் ஒருமுறையாவது சிறிது கவிதை படிக்கவும் இசை கேட்கவும் விதி வைத்துக்கொள்வேன் என்பது அங்கே அவர் கூறும் கருத்து. வாரம் ஒருமுறை, சிறிது: ஓர் உறுதிக்கு இதைவிட நல்ல அளவு கிடைக்காது. தொழிலுக்கு வேண்டிய படிப்பு தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். கைவிட்டுப் போகக்கூடிய படிப்புக்குத்தான் உறுதி வேண்டும். இளையவர் தம் ஆண்டுக் கணக்கில் முதலில் தேட வேண்டியது, சென்ற ஆண்டு விரும்பிப் படித்து இந்த ஆண்டு தொடாமலே விட்டது எது என்பதே.

விடுமுறை என்றால் டார்வினுக்கு எளிதில் மனம் வராது. கிளம்ப வைப்பது பெரும்பாலும் எம்மாவின் பொறுப்பு. ஆறு நாள் என்றால் ஐந்து நாளில் திரும்பிவிட வேண்டும் என்று அவர் பேரம் பேசுவாராம். கிளம்பிவிட்டால் பிள்ளைகளுக்கு அவரைப் போல் நல்ல துணை கிடையாது.

குடும்பப் பயணங்களில் துயரமும் கலந்தே வந்தது. 1849-இல் நீர் மருத்துவத்துக்காகக் குடும்பம் முழுவதும் மால்வர்ன் நகருக்குப் போய்ச் சில மாதங்கள் தங்கியது. அவர் உடல் தேறியது. அந்த நம்பிக்கையில் 1851-இல் மூத்த மகள் ஆனியையும் அங்கே சிகிச்சைக்கு அழைத்துப் போனார். ஏப்ரல் 23-இல், பத்து வயதில், அவள் அங்கேயே இறந்தாள். அடுத்த சில நாட்களில் அவர் அவளைப் பற்றிச் சில பக்கங்கள் எழுதினார். அவள் நடந்த விதம், அவள் முகமலர்ச்சி, தந்தையோடு உலாவும்போது முன்னால் ஓடிய விதம் எல்லாம் அதில் உண்டு. தேதிகள் மட்டுமே நிறைந்த ஆண்டுக் குறிப்பில் இடம்பெறாததற்குத் தனித்தாள் வேண்டும் என்பதை அந்தப் பக்கங்கள் காட்டுகின்றன. வீட்டில் பெரியவர்களோடும் குழந்தைகளோடும் ஓர் ஊருக்குப் போய்வந்தால், பார்த்த இடங்களின் பெயரைவிட உடன் வந்தவர்கள் அங்கே என்ன செய்தார்கள், என்ன சொன்னார்கள் என்பதை அந்த வாரத்துக்குள்ளேயே எழுதிவைப்பது மேல். இடத்தை மறுபடி போய்ப் பார்த்துவிடலாம்.

எம்மாவும் நெடுங்காலம் ஆண்டுதோறும் சிறு பையேடு வைத்திருந்தார். யாருக்குக் காய்ச்சல், யார் விருந்துக்கு வந்தார், எங்கே போனோம் என்பவை அதில் இருக்கின்றன. டார்வினின் ஏட்டில் ஒரு வரியாகக் கிடப்பது எம்மாவின் ஏட்டில் பல நாள் கவலையாக விரிகிறது. ஒரு குடும்பத்தின் ஆண்டை ஒருவர் கை மட்டும் எழுதினால் பாதிதான் பதிவாகும். அம்மாவிடமும் பாட்டியிடமும் அவர்களுக்கு அந்த ஆண்டு எப்படிப் போயிற்று என்று கேட்டு ஒரு பக்கம் சேர்ப்பது எந்த வீட்டிலும் முடியும்.

1858 கோடை டார்வினின் வாழ்வில் மிகக் கடுமையானது. ஜூனில் இயற்கையியலாளர் வாலஸின் கட்டுரை வந்து சேர்ந்தது. டார்வின் இருபது ஆண்டுகளாகக் காத்துவைத்த கருத்தே அதிலும் இருந்தது. அதே மாத இறுதியில் கடைக்குட்டிக் குழந்தை செங்காய்ச்சலில் இறந்தது. மற்றப் பிள்ளைகளைக் காய்ச்சல் பரவிய ஊரிலிருந்து விலக்கி, குடும்பம் கடைசியில் வைட் தீவின் சாண்டவுன் கடற்கரைக்குப் போனது. அங்கே ஜூலை 20 அன்று அவர் எழுதத் தொடங்கிய சுருக்கமே வளர்ந்து அடுத்த ஆண்டு 'உயிரினங்களின் தோற்றம்' ஆயிற்று.

1860 கோடையில் சசெக்ஸின் ஹார்ட்ஃபீல்டு அருகே, உறவினர் வீட்டில், ஓய்வாகச் சுற்றித் திரிந்தபோது ட்ரொசீரா செடியின் இலைகளில் பூச்சிகள் ஒட்டிக் கிடப்பதைக் கண்டார். சில செடிகளை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பூச்சிகளைக் கொடுத்துப் பார்த்தார். வேறு வேலைகள் குறுக்கிட, ஓய்வு கிடைத்தபோதெல்லாம் அந்தச் சோதனைகளைத் தொடர்ந்தார். பூச்சியுண்ணும் தாவரங்கள் பற்றிய நூல் 1875 ஜூலையில் வெளிவந்தது. தாமதம் தமக்கு நன்மையே செய்தது என்பது அவர் கருத்து: நீண்ட இடைவெளிக்குப் பின் ஒருவர் தம் பழைய வேலையைப் பிறருடைய வேலையைப் போலவே குறைகண்டு திருத்த முடிகிறது. ஆண்டுக் குறிப்பை எழுதிய டிசம்பரிலேயே தீர்ப்புச் சொல்லாமல், மூன்று நான்கு ஆண்டுகள் விட்டு எடுத்துப் பார்ப்பதற்கு இதுவே காரணம். அப்போது சேர்க்கத் தோன்றுவதைத் தேதி போட்டு எழுத ஒவ்வோர் ஆண்டின் அடியிலும் அரைப் பக்கம் காலியாக விட்டுவைக்க வேண்டும்.