தோணி இன்ஜின்: சரிசெய்வதா, மாற்றுவதா? இளைய டிரைவர்களுக்குச் சில வார்த்தை

தம்பி, தூத்துக்குடி பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவின் மாலேவுக்கு ஏறக்குறைய 400 கடல் மைல். மணிக்கு 7 கடல் மைல் ஓடினாலும் 57 மணி நேரம் இன்ஜின் நிற்காமல் இழுக்க வேண்டும். பாய்மரம் கூடவே இருந்தாலும், சரக்கேற்றிய தோணியைப் பவளத்திட்டுகளுக்கு இடையே துறைக்குள் கொண்டுசேர்ப்பது இன்ஜின்தான். பழைய இன்ஜினை வைத்துக்கொள்வதா, மாற்றுவதா என்பதைக் கோபத்திலோ ஆசையிலோ முடிவு செய்யாதே. கீழே சொல்லும் வரிசையில் போ.

1. வயதைக் கேட்காதே, நோயைக் கேள். ஒழுங்காகப் பார்த்த 20 வருஷ இன்ஜின் நன்றாக இழுக்கும். பார்க்காமல் விட்ட 5 வருஷ இன்ஜின் படுத்துவிடும். புகையைக் கவனி. கறுப்பாக வந்தால் டீசல் முழுதாக எரியவில்லை: காற்று ஃபில்டர் அடைப்பு, நாசில் கோளாறு, இல்லாவிட்டால் அளவுக்கு மீறிய சுமை. நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. ரிங்கோ வால்வு கைடோ தேய்ந்திருக்கும். சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் எரியாத டீசலோ தண்ணீரோ வெளியே வருகிறது. ஆயில் பால்நிறமாக வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. காரணம் தெரியும்வரை ஸ்டார்ட் செய்யாதே.

2. வெளிவேலையை முதலில் முடி. இன்ஜின் போய்விட்டது என்று சொல்லப்படும் பல இடங்களில் கோளாறு இன்ஜினுக்கு வெளியே இருக்கும். டீசல் டேங்கின் அடியில் சேறு, டீசல் குழாயில் காற்று, கடல்நீர் பம்ப்பின் இம்பெல்லரில் இதழ் உடைந்தது, கூலர் குழாய்களில் உப்பு, சைலன்சர் வளைவில் கரி. தோணியின் அடியில் சிப்பி அப்பியிருந்தாலும் நல்ல இன்ஜின் கறுப்பாகத்தான் புகையும். இவற்றைச் சுத்தம் செய்யாமல் ஹெட்டைக் கழற்றவே கூடாது.

3. காதால் மட்டும் தீர்ப்பு சொல்லாதே, அளந்து பார். கம்ப்ரஷன் மீட்டரை ஒவ்வொரு சிலிண்டரிலும் வைத்து எண்ணைக் குறித்துக்கொள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால் அதற்குள் காற்றழுத்தம் கொடுத்துக் கேள். ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் ரிங், சைலன்சரில் சீறினால் வால்வு, கூலர் தொட்டியில் குமிழ் வந்தால் ஹெட் கேஸ்கெட். இந்த அரைநாள் வேலை உனக்குப் பெரிய செலவை மிச்சப்படுத்தும்.

4. பிளாக்தான் உயிர். ரிங், பிஸ்டன், லைனர், பேரிங் எல்லாம் மாற்றலாம். கிராங்க்கை லேத்தில் கொடுத்து அரைக்கலாம். ஆனால் பிளாக்கில் விரிசல் இருந்தாலோ, கடல்நீரை நேராக உள்ளே ஓட்டிய இன்ஜினாக இருந்து உட்சுவர் துருவில் மெலிந்திருந்தாலோ, அதில் ஒரு ரூபாயும் போடாதே.

5. உதிரிபாகம் எங்கே கிடைக்கும் என்று விசாரி. லாரி இன்ஜினின் அடிப்படையில் வந்த டீசலுக்குப் பக்கத்து ஊரிலேயே சாமான் கிடைக்கும். மலிவாக வருகிறது என்று வெளிநாட்டுப் பழைய இன்ஜினை வாங்கினால், ஒரு கேஸ்கெட்டுக்காகத் தோணி மாதக்கணக்கில் நிற்கும்.

6. புது இன்ஜினின் விலையோடு கணக்கு முடியாது. அடித்தளத்தை மாற்ற வேண்டும். பழைய இன்ஜின் மெதுவாகச் சுழன்றது, புதியது வேகமாகச் சுழலும். கியர்பாக்ஸ் விகிதமும் புரொப்பெல்லரும் அதற்கு ஒத்துவர வேண்டும். குழாய், வயரிங், சைலன்சர் எல்லாம் சேரும். ஷாஃப்ட்டின் நேர்மட்டத்தைத் தோணி தண்ணீரில் மிதக்கும்போது கடைசியாகச் சரிபார். கரையில் இருக்கும் மரம் வேறு வடிவம், மிதக்கும் மரம் வேறு வடிவம்.

7. மரத்தையும் எண்ணிப் பார். ஏரா என்னும் அடிமரமும் பலகையும் தளர்ந்து, வருஷாவருஷம் கலப்பத்து பார்த்து இடுக்குகளை அடைத்தும் தண்ணீர் நிற்காத தோணிக்குப் புது இன்ஜின் வீண்செலவு. உறுதியான உடலுக்கு அரைகுறை ரிப்பேரும் வீண்தான்.

8. எழுதிக் காட்டு. ஒரு பக்கம் ரிப்பேருக்கு ஆகும் மொத்தம், மறுபக்கம் மாற்றுவதற்கு ஆகும் மொத்தம். ரிப்பேர் செலவு மாற்றும் செலவில் பாதியைத் தாண்டினால் மாற்றும் பக்கம் சாய். பிளாக் நன்றாக இருந்து, சாமானும் கிடைத்து, செலவு பாதிக்குக் கீழே இருந்தால் பழையதையே கட்டு. முதலாளிக்கு வாயால் சொன்னது மறந்துபோகும். தாளில் இருப்பது நிற்கும்.

9. வேலைக்கு நேரம் ஒதுக்கு. தென்மேற்குப் பருவக்காற்று வீசி, தோணிகள் கட்டிக்கிடக்கும் மாதங்களில் இன்ஜினைப் பிரி. சீசன் தொடங்கும் வாரத்தில் பிரித்தால் அவசரத்தில் பூட்டுவாய்.

10. துறைமுகத்துக்குள் ஓடியதை நம்பிப் புறப்படாதே. சரிசெய்ததோ புதியதோ, வெளிக்கடலில் முழுச் சுமையில் பல மணி நேரம் ஓட்டி, ஆயில் அழுத்தமும் சூடும் மணிக்கு மணி குறித்துப் பார். முதல் 50 மணி நேரத்தில் ஆயிலை மாற்று. அளவு சரியில்லை என்றால் தோணியை நடத்தும் தண்டலிடமும் முதலாளியிடமும் துணிந்து சொல். இன்ஜினின் நிலை முழுதாகத் தெரிந்தவன் தோணியில் நீ ஒருவன்தான். கலாசிகள் உன் வார்த்தையை நம்பி ஏறுகிறார்கள். சந்தேகம் தீராத இன்ஜினோடு போகமாட்டேன் என்று சொல்வது உன் உரிமை மட்டுமல்ல, உன் வேலையும் அதுதான்.