மூன்று கிளை, ஒரே ஜிஎஸ்டி எண்: இ-இன்வாய்ஸுக்கு மாறும் முன் கவனிங்க!

மதுரை, திருச்சி, கோவை என மூன்று ஊரில் கிளை வைத்திருக்கிறீர்களா? “ஒரு கிளைக்கு 2 கோடிதானே விற்பனை, இ-இன்வாய்ஸ் நமக்கு எதுக்கு?” என்று இருந்துவிடாதீங்க. கணக்கு கிளைக்கு அல்ல, பான் எண்ணுக்கு. 2017-18 முதல் ஏதாவது ஒரு நிதியாண்டில் மொத்த விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டியிருந்தால், 2023 ஆகஸ்ட் 1 முதல் இது கட்டாயம். சில துறைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு.

எந்த பில்லுக்கு?
ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்களுக்குப் போடும் பில்லுக்கும் ஏற்றுமதி பில்லுக்கும். இதைத் தளத்தில் பதிந்தால் 64 எழுத்து கொண்ட ஐஆர்என் எண்ணும் க்யூஆர் கோடும் கிடைக்கும். இவை இல்லாத பில் செல்லாது. வாங்கியவரின் உள்ளீட்டு வரிச் சலுகைக்கும் சிக்கல் வரும்.

செய்ய வேண்டியவை:
1. ஒரே ஜிஎஸ்டி எண்ணில் இரு கிளைகளுக்கு ஒரே பில் எண் வரக்கூடாது. கிளைக்கொரு முன்னெழுத்து வையுங்க. மொத்தம் 16 எழுத்துக்குள் இருக்கணும்.
2. தவறான பில்லைத் தளத்தில் 24 மணி நேரத்துக்குள் மட்டுமே ரத்து செய்யலாம். அந்தப் பொறுப்பைக் கிளைக்கு ஒருவரிடம் கொடுங்க.
3. விற்றுமுதல் 10 கோடி அல்லது அதற்கு மேல் என்றால், பில் தேதியிலிருந்து 30 நாளுக்குள் பதியணும்.
4. யுபிஐ வசூலுக்குக் கிளைக்கொரு தனி க்யூஆர் வையுங்க. எந்தக் கடைப் பணம் என்று இரவே தெரிந்துவிடும்.

முதலில் ஒரு கிளையில் பழகிப் பாருங்க. பிறகு மற்றவற்றை மாற்றலாம்.

நீங்க வாங்குபவரா? பில்லில் உள்ள க்யூஆர் கோடை ஜிஎஸ்டிஎன்-னின் இ-இன்வாய்ஸ் சரிபார்ப்புச் செயலியில் ஸ்கேன் செய்து, அது உண்மையானதா என்று பார்த்துக்கொள்ளுங்க.