ஸ்பொன்சர் நடக்கும்போது குடும்பம் பிரிந்தால்

“ஒரு கடிதம் போட்டால் போதும், அடுத்த பிளேனிலேயே உன்னை ஏத்தி விடுவாங்கள்.” கனடாவுக்குக் கலியாணம் கட்டி வந்த பெண்கள், சிலவேளை ஆண்களும், வீட்டுக்குள் கேட்கும் மிரட்டல் இது. இதில் பாதி உண்மை. ஸ்பொன்சர் செய்தவர், மற்றவருக்கு நிரந்தர வதிவிட உரிமை (பி.ஆர்.) கிடைக்கும் நாள் வரை எந்த நேரமும் தன் ஸ்பொன்சரை மீளப் பெறலாம். மீதிப் பாதி பொய். நாடு கடத்தும் அதிகாரம் கணவனிடமும் இல்லை, மனைவியிடமும் இல்லை. அதற்கென்று அரசின் நடைமுறை இருக்கிறது. அறிவித்தல் வரும், பதில் சொல்ல இடம் இருக்கும். கையிலுள்ள வேலை அனுமதியும் ஸ்பொன்சர் விலகிய அன்றே தானாகச் செல்லாமல் போவதில்லை.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது சண்டையின் கடுமையை அல்ல, பி.ஆர். வந்துவிட்டதா இல்லையா என்பதை. வந்துவிட்டால் பிரிவதால் அது பறிபோகாது. 2012 ஒக்டோபர் முதல் 2017 ஏப்ரல் வரை ஒரு விதி இருந்தது: புதிதாக மணம் முடித்து வந்தவர்கள் இரண்டு வருடம் சேர்ந்து வாழ்ந்தால்தான் பி.ஆர். நிலைக்கும். வன்முறையில் சிக்கியவர்களை அது வீட்டுக்குள் கட்டிப்போடுகிறது என்ற எதிர்ப்பு வலுத்து, விதி நீக்கப்பட்டது. ஆனால் மாமிமாரின் வாயில் அது இன்னும் சட்டமாகவே இருக்கிறது. இன்றைய நிலை வேறு. பி.ஆர். கிடைத்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்கு ஸ்பொன்சர் கொடுத்த பொறுப்புறுதி, விவாகரத்து ஆனாலும் முடியாது. அந்தக் காலத்தில் நீங்கள் அரச உதவிப் பணம் எடுத்தால் கடன் அவர் தலையில்தான் விழும். உங்களுக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு: பி.ஆர். கிடைத்து ஐந்து வருடம் ஆகும் வரை, மறுமணம் செய்தாலும் புதிய துணையை நீங்கள் ஸ்பொன்சர் செய்ய முடியாது.

சிக்கல் எல்லாம் பி.ஆர். இன்னும் வராதவர்களுக்குத்தான்.

அவர்களுக்குச் சொந்தக்காரர் முதலில் சொல்லும் வழி, “வாயை மூடிக்கொண்டிரு, பேப்பர் வரட்டும், பிறகு பார்ப்பம்” என்பது. இதில் இரண்டு விதம் உண்டு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது. மனக்கசப்பு இருக்கிறது, ஆனால் சேர்ந்துதான் வாழ்கிறீர்கள், ஆலோசகரிடம் போகிறீர்கள், ஒட்டுமா என்று பார்க்கிறீர்கள் என்றால் அது குற்றமல்ல. குடும்பங்களில் நடப்பதுதான். ஆனால் ஒருவர் பிரம்டனில், மற்றவர் ஸ்காபரோவில், உறவு முடிந்துவிட்டது, கடதாசியில் மட்டும் ஒரே முகவரி என்றால் அது பொய்த்தகவல். அது பின்னர் வெளிப்பட்டால், கிடைத்த பி.ஆர். பறிபோவதோடு ஐந்து வருடத் தடையும் வரலாம். பழைய துணையே கோபத்தில் காட்டிக்கொடுப்பதும் உண்டு. எல்லாத் தெரிவுகளிலும் இப்படிப் பொய் சொல்வதுதான் மிக மோசமானது என்பது என் கருத்து. மற்ற வழிகளில் தோற்றால் விண்ணப்பம் ஒன்றுதான் போகும். இதில் உங்கள் சொல்லுக்கு இருக்கும் மதிப்பே போய்விடும். அதன் பிறகு எந்த அதிகாரியிடம் எதைச் சொன்னாலும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

விண்ணப்பம் எந்த வகை என்பதும் முக்கியம். கனடாவுக்குள் இருந்து போடும் துணைவர் வகையில், சேர்ந்து வாழ்வது சட்டத்தில் எழுதப்பட்ட நிபந்தனை. பிரிந்தால் அத்திவாரமே இல்லை. மறுக்கப்பட்டால் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்கும் போக முடியாது, சமஷ்டி நீதிமன்றம் ஒன்றுதான் மிஞ்சும். வெளிநாட்டு வகையில் மேன்முறையீடு உண்டு. ஆனால் அந்த உரிமை ஸ்பொன்சர் செய்தவருக்கு. அவரே விலகிவிட்ட பிறகு அது யாருக்கு உதவும்?

வன்முறை இருந்தால் கணக்கே வேறு. 2019 ஜூலை முதல், குடும்ப வன்முறையில் சிக்கியவர்களுக்கென்று தற்காலிக வதிவிட அனுமதி ஒன்று இருக்கிறது. துணையை நம்பியே பி.ஆர். இருந்தது, அந்தத் துணையே துன்புறுத்துகிறார் என்பவர்களுக்கானது அது. கட்டணம் இல்லை. ஒரு குறிப்பிட்ட காலத்துக்குத் தருவார்கள்; வேலை அனுமதியும் மருத்துவக் காப்பும் அதோடு கிடைக்கும். அடித்தால்தான் வன்முறை என்றில்லை. சம்பளத்தைப் பிடுங்குவது, பாஸ்போட்டை ஒளித்து வைப்பது, ஊருக்குப் பேச விடாமல் தடுப்பது, பேப்பரைக் காட்டியே மிரட்டுவது எல்லாவற்றையும் சாட்சியமாக வைக்கலாம். பொலிஸ் அறிக்கை கட்டாயமில்லை. வைத்தியர், தங்குமிடம் கொடுத்த அமைப்பு, விஷயம் தெரிந்த சினேகிதி எழுதிய கடிதங்களும் எடுபடும். நம்மவர்கள் இந்த வழியைப் போதியளவு பயன்படுத்துவதில்லை என்று நினைக்கிறேன். “பொலிசுக்குப் போனால்தானே” என்று தயங்கியே பலர் நின்றுவிடுகிறார்கள். ஒன்றை மறக்கக் கூடாது: இது மூச்சு விடுவதற்கான அவகாசம், பி.ஆர். அல்ல.

பி.ஆருக்கு வேறொன்று போட வேண்டும்: மனிதாபிமான, கருணை அடிப்படையிலான விண்ணப்பம். ‘எச் அன்ட் சி’ என்று லோயர்மார் சொல்வது இதைத்தான். இங்கே எவ்வளவு வேர் விட்டிருக்கிறீர்கள், திரும்பிப் போனால் என்ன கஷ்டம், பிள்ளையின் நலன் என்ன என்று பார்ப்பார்கள். கனடாவில் பிறந்த பிள்ளை இருந்தால் விண்ணப்பம் வலுக்கும். ஆனால் பிள்ளை பிறந்ததாலேயே பெற்றோருக்கு உரிமை வந்துவிடாது. வன்முறை இல்லாமல், வெறுமனே ஒத்துவராமல் பிரிந்தவர்களுக்கு இதில் வாய்ப்புக் குறைவு, அதுவும் வந்து ஒரு வருடம்தான் என்றால். முடிவு வர ஆண்டுக்கணக்கில் ஆகும். விண்ணப்பம் நிலுவையில் இருப்பதால் நாடு கடத்தல் நிற்காது, வேலை அனுமதியும் உடனே வராது. எல்லாருக்கும் இதையே கைகாட்டும் முகவர்களை நம்ப வேண்டாம். அகதிக் கோரிக்கையையும் சேர்த்துப் போடு என்பவர்களைத் துளியும் நம்ப வேண்டாம். அகதிக் கோரிக்கை நிலுவையில் இருக்கும்போது மனிதாபிமான விண்ணப்பத்தைப் பரிசீலிக்க மாட்டார்கள். அந்தக் கோரிக்கை மறுக்கப்பட்டால், பொதுவாகப் பன்னிரண்டு மாதத்துக்கு மனிதாபிமான விண்ணப்பம் போடத் தடை. ஊரில் உண்மையான ஆபத்து இருப்பவருக்கு மட்டுமே உரிய வழி அது.

படிப்பும் வேலையும் ஆங்கிலமும் கைவசம் உள்ளவருக்குச் சொந்தக் காலில் நிற்கும் வழி உண்டு. அனுமதி முடியும் முன் வேறு அனுமதிக்கு மாறுவது, திறன் அடிப்படையில் பி.ஆர். கேட்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் புள்ளி பார்ப்பது. இதைப் பற்றிப் பேசுவோர் குறைவு, இதிலுள்ள கௌரவமோ அதிகம். அனுமதி முடிந்துவிட்டால் அந்தஸ்தை மீட்கக் கேட்பதற்கு 90 நாள்தான். ஊர் திரும்புவதும் ஒரு தெரிவுதான். ஆனால் ஊர் என்ன சொல்லும் என்ற பயத்தை ஒதுக்கி வைத்துவிட்டு அதை எடைபோடுங்கள்.

விவாகரத்தை இதோடு முடிச்சுப் போட வேண்டியதில்லை. ஒரு வருடம் பிரிந்திருந்தால் விவாகரத்து கேட்கலாம். ஒரே கூரையின் கீழும் பிரிந்து வாழ முடியும். நடுவில் 90 நாள் வரை சேர்ந்து பார்த்தாலும் அந்த வருடம் அறுபடாது. ஒன்ராறியோவில் மணவீட்டில் இருக்கும் உரிமை, வீடு யார் பெயரில் இருந்தாலும், சட்டப்படி மணமுடித்த இருவருக்கும் சமம். பி.ஆர். இல்லை என்பதற்காகப் பிள்ளைச் செலவையோ பராமரிப்பையோ கேட்கும் உரிமை இல்லாமல் போகாது.

பணமில்லையென்றால் லீகல் எய்ட் ஒன்ராறியோவையும், தென்னாசியர்களுக்கான சட்ட உதவி நிலையமான சால்கோவையும் கேளுங்கள். பணம் கொடுத்துப் போவதானால் அவர் உரிமம் பெற்ற லோயரா, உரிமம் பெற்ற குடிவரவு ஆலோசகரா என்று பாருங்கள்.

எந்த வழியை எடுத்தாலும் ஒரு வேலையை முதல் நாளே செய்ய வேண்டும். பெரும்பாலான வீடுகளில் விண்ணப்பக் கணக்கைத் திறந்தவர் கணவர். மின்னஞ்சலும் அவருடையது, கடவுச்சொல்லும் அவரிடம். குடிவரவுத் திணைக்களம் அனுப்பும் கடிதமும் பதிலுக்குக் கொடுக்கும் தவணையும் அவரிடமே போய்ச் சேரும். உங்களுக்கென்று புதிய மின்னஞ்சல் திறந்து, முகவரி மாற்றத்தைத் திணைக்களத்துக்கு நீங்களே எழுத்தில் அறிவியுங்கள். பாஸ்போட், வேலை அனுமதி, கலியாணப் பதிவு, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் நான்கையும் படம் எடுத்து அந்த மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள்.